துக்க வீட்டில் பேசுகிறவர்கள்

(ஒரு திரைப்படச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரண்டு ஜப்பானியப் படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அகிரா குரோசவாவின் 'இகிரு' 1952 அக்டோபரில் திரைக்கு வந்தது. யசுஜிரோ ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' அதற்கடுத்த ஆண்டு நவம்பரில் வந்தது. உங்களில் பலர் இவற்றைப் பார்த்திருப்பீர்கள். நானும் இதுபோன்ற அரங்குகளில், நண்பர்கள் பக்கத்தில் இருக்கப் பார்த்தவன்தான். அண்மையில் இரண்டையும் வீட்டில் தனியாக உட்கார்ந்து, அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். அப்படிப் பார்த்தபோது எனக்குப் புலப்பட்ட ஒன்றைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

இரண்டு படத்திலும் ஒரு சாவு நடக்கிறது. சாவோடு படம் முடிந்துவிடுவதில்லை. அதன் பிறகு உறவும் சுற்றமும் உட்கார்ந்து சாப்பிடுகின்றன, குடிக்கின்றன, போனவரைப் பற்றிப் பேசுகின்றன. அந்தப் பேச்சில் எவ்வளவு விட்டுப்போகிறது என்பது அங்கே இருக்கிற யாருக்கும் முழுதாகத் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குத் தெரியும். இறந்தவரின் வாழ்க்கைக்கு நாம்தான் சாட்சி. கூட்டத்தோடு பார்க்கும்போது அந்தச் சாட்சிப் பொறுப்பை எல்லோருமாகப் பங்குபோட்டுக் கொள்கிறோம். தனியாகப் பார்க்கும்போது அது முழுதும் ஒருவர் தலையில் இறங்குகிறது.

'இகிரு' ஓர் எக்ஸ்ரே படத்தில் தொடங்குகிறது. இது நம் கதாநாயகனின் இரைப்பை, புற்று வந்துவிட்டது, அவருக்கு இன்னும் தெரியாது என்று ஒரு குரல் சொல்கிறது. அவர் பெயர் வதனபே. நகராட்சியில் பொதுமக்கள் பிரிவுக்குத் தலைவர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் முத்திரை குத்திக்கொண்டிருப்பவர். குரோயே என்ற பகுதியிலிருந்து சில பெண்கள் மனுக் கொடுக்க வருகிறார்கள். அங்கே சாக்கடைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, பிள்ளைகளுக்கு நோய் வருகிறது, அதைத் தூர்த்து ஒரு பூங்கா அமைத்துத் தர வேண்டும். பொதுப்பணிக்குப் போ என்கிறார்கள். அங்கிருந்து பூங்காத் துறை, சுகாதாரம், பிறகு வேறொன்று. சுற்றிச் சுற்றித் துணை மேயர் வரை போய், புறப்பட்ட ஜன்னலுக்கே வந்து சேர்கிறார்கள். அரசு அலுவலகத்துக்கு ஒரு சான்றிதழுக்காக நடந்த எவருக்கும் இந்தக் காட்சிக்கு வசனமே வேண்டாம்.

வதனபே மருத்துவமனையில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருக்கிற நோயாளி ஒருவன் பேச்சுக் கொடுக்கிறான். புற்று என்றால் டாக்டர்கள் நேரே சொல்ல மாட்டார்கள், சாதாரணப் புண் என்பார்கள், பிடித்ததைச் சாப்பிடு என்பார்கள் என்கிறான். உள்ளே போனால் டாக்டர் அப்படியே, ஒரு வார்த்தை பிசகாமல் சொல்கிறார். வதனபேயாக நடித்த தகாஷி ஷிமுராவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

அன்று இரவு அவர் வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். மகன் மிட்சுவோவும் மருமகளும் அவர் இருப்பது தெரியாமல், அப்பாவின் ஓய்வுப் பணத்தை வைத்து வீடு கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகிறார்கள். பிறகு அவர்கள் மாடிக்குப் போகிறார்கள். இவர் கீழே தனியாக, செத்துப்போன மனைவியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பழையதை நினைக்கிறார். மனைவியின் பிணவண்டிக்குப் பின்னால் சிறு பையனோடு போனது, மறுமணம் வேண்டாம் என்று மறுத்தது, பையனுக்குக் குடல்வால் அறுவை நடந்த நாள், அவன் போருக்குப் புறப்பட்ட ரயில் நிலையம். அப்போது மேலேயிருந்து அப்பா என்று ஒரு குரல். இவர் எழுந்து படிக்கட்டில் கிட்டத்தட்டத் தவழ்ந்தே ஏறுகிறார். கதவைப் பூட்டிவிடுங்கள் என்று சொல்லத்தான் மகன் கூப்பிட்டான். பாதிப் படியில் நின்றுவிடுகிறார். மகன் பெயரை முணுமுணுக்கிறார், மேலே கேட்காது.

இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தப் படிக்கட்டில் அவர் நின்றதை யாரும் பார்க்கவில்லை. மகன் பார்க்கவில்லை, மருமகள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்கள்.

அதன் பிறகு அவர் ஓர் எழுத்தாளனோடு இரவு முழுதும் கேளிக்கை விடுதிகளில் திரிகிறார். இந்தப் பகுதி கொஞ்சம் நீளம் என்பது என் கருத்து. அவர் அங்கே பாடுகிற அந்தப் பழைய பாட்டு ஒன்றே போதும், மற்றதைக் குறைத்திருக்கலாம். பிறகு டோயோ என்ற இளம்பெண். அலுவலகத்தில் வேலை பார்த்தவள், சலித்துப்போய் விலக வந்தவள். அவளுடைய காலுறை கிழிந்திருப்பதைப் பார்த்து இவர் புதிது வாங்கித் தருகிறார். மகனுக்காகவே இப்படி நடைப்பிணமாகிப் போனேன் என்று அவர் வருந்தும்போது, உங்கள் மகன் அப்படிக் கேட்டானா என்கிறாள். அவள் கேட்டது நியாயம். அலுவலகத்தை விட்ட பிறகு அவள் பொம்மைத் தொழிற்சாலையில் முயல் பொம்மை செய்கிறாள். ஜப்பானில் இருக்கிற எல்லாக் குழந்தைகளோடும் சிநேகம் ஆனதுபோல் இருக்கிறது என்கிறாள். அந்த ஒரு பேச்சிலிருந்து வதனபேக்கு வழி கிடைக்கிறது. அலுவலகத்துக்குப் போய், கிடப்பில் கிடந்த அந்தப் பெண்களின் மனுவைத் தேடி எடுக்கிறார். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புகிறார்.

அடுத்த நொடி, ஐந்து மாதம் கழித்து அவர் இறந்தார் என்று குரல் சொல்கிறது.

குரோசவா இங்கே செய்திருப்பது பெரிய துணிச்சல். நாம் பார்க்க ஏங்குகிற ஐந்து மாதத்தை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, துக்க வீட்டில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார். 143 நிமிடப் படத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த அறையில்தான் கழிகிறது. டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' இந்தப் படத்துக்கு ஒரு தூண்டுதல். அந்தக் கதை சாவுச் செய்தியோடுதான் தொடங்குகிறது. கேட்ட சக அதிகாரிகளுக்குக் காலியான இடம் யாருக்கு என்ற நினைப்பு ஓடுகிறது. குரோசவா அந்தத் தொடக்கத்தை எடுத்துப் படத்தின் பின்பகுதியில் வைத்தார். வைத்ததனால் அந்த மனிதர் பேசாமல் பேசப்படுகிறவர் ஆகிவிடுகிறார்.

துணை மேயர் பூங்காவுக்கான பெருமையைத் தனக்கு எடுத்துக்கொள்கிறார். மற்றவர்கள் ஆமாம் போடுகிறார்கள். அப்போது குரோயே பெண்கள் வருகிறார்கள். யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஊதுவத்தி ஏற்றி அழுதுவிட்டுப் போகிறார்கள். துணை மேயரால் அதற்குப் பிறகு அங்கே இருக்க முடியவில்லை, கிளம்பிவிடுகிறார். மிச்சமிருக்கிற குமாஸ்தாக்கள் குடித்துக் குடித்து உண்மையைத் துண்டு துண்டாகச் சேர்க்கிறார்கள். அவருக்குப் புற்று இருந்தது தெரியுமா தெரியாதா என்று வாதாடுகிறார்கள். தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாரே என்கிறான் மகன். அந்த வார்த்தை வரும்போது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவர் சொல்ல வந்தார். படிக்கட்டில் பாதி ஏறினார். பிறகு ஒருநாள் சொல்ல வாயெடுத்தபோது, இளம்பெண்ணோடு சுற்றுகிறார் என்று நீதான் பேச்சை மாற்றினாய் என்று அந்தத் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்த அறையில் இருபது பேர் இருந்தும் ஒருவனுக்கும் தெரியாததை என் வீட்டில் நான் ஒருவனாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் தகப்பனார் இறந்தபோது வீட்டு வாசலில் ஒரு கிழவி வந்து நின்றார். உள்ளே வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். காபி கொடுக்கலாம் என்று என் தங்கை போவதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் யார், அப்பாவுக்கு எந்த வகையில் தெரிந்தவர் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பதினாறாம் நாள் சாப்பாட்டில் அந்தக் கிழவியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பாவின் வாழ்க்கையில் எங்களுக்குத் தெரியாத ஓர் அறை இருந்தது என்பது மட்டும் உறுதி. குரோயே பெண்கள் வந்து போகிற காட்சியை அதற்குப் பிறகு என்னால் வெறும் சினிமாவாகப் பார்க்க முடிவதில்லை.

இனி ஓஸு. குரோசவாவுக்குக் கோபம் உண்டு. அதிகாரிகளை அவர் மன்னிக்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் எல்லாம் பழையபடியே நடப்பதைக் காட்டிக் கிமுரா என்ற ஒரு குமாஸ்தாவைக் கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால் மூழ்க வைக்கிறார். ஓஸுவுக்கு அந்தக் கோபம் இல்லை. அதனால் அவர் படத்தைத் தாங்குவது இன்னும் கடினம்.

ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து ஷுகிச்சி, டோமி என்ற வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மூத்தவன் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிக் காட்டப் புறப்படும்போது ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அழைப்பு வருகிறது, பயணம் நின்றுபோகிறது. மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். வேலை ஓயாது. போரில் செத்த இரண்டாவது மகனின் மனைவி நோரிகோ மட்டும் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பேருந்தில் நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறாள். பிள்ளைகள் காசு சேர்த்துப் பெற்றோரை அடாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கே விடுதியில் இரவெல்லாம் மாஜாங் ஆட்டமும் கூச்சலும். தூங்க முடியாமல் மறுநாளே திரும்புகிறார்கள். வந்தால் மகள் வீட்டில் அன்று கூட்டம் இருக்கிறது, படுக்க இடமில்லை. ஆளுக்கொரு திசையில் ராத்தங்க இடம் தேடுகிறார்கள். ஊர் திரும்பியதும் அம்மா இறந்துபோகிறாள். அவளுக்கு வயது 68. கதை அவ்வளவுதான்.

இந்தப் படம் வந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1947-இல் ஜப்பானின் சிவில் சட்டம் திருத்தப்பட்டு, மூத்த மகன் குடும்பத் தலைவனாகிச் சொத்தையும் பெற்றோரையும் ஏற்கிற பழைய முறை சட்டத்திலிருந்து போய்விட்டது. 1952 ஏப்ரலில் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிந்தது. பிள்ளைகள் நகரத்தில் புது வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. நேரம் இல்லை. ஓஸு போரைக் காட்டவில்லை. நோரிகோவின் சின்ன அறையில் கணவனின் படம் மட்டும் இருக்கிறது. ஆனால் போரை அவர் அறிந்தவர். சீனாவில் படைவீரனாக இருந்தார். 1943-இல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. அந்தப் படம் முடியவில்லை. அந்த ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். ஓஸுவின் கேமரா நம் ஊர் முகங்களுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பைத் தருகிறது.

ஷிகேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தைக் கூட்டத்தோடு பார்த்த ஒவ்வொரு முறையும் அவள் வரும்போது அரங்கில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்கும். கணவன் அவளுடைய பெற்றோருக்கென்று நல்ல கேக் வாங்கி வந்தால், இவ்வளவு விலையில் எதற்கு என்கிறாள். கடைக்கு வந்த வாடிக்கையாளர் இவர்கள் யார் என்று கேட்டால், ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்கிறாள். அம்மா அபாயமாகக் கிடக்கிறாள் என்று தந்தி வந்ததும், துக்க உடையை எடுத்துப் போவதா என்று அண்ணனிடம் கேட்கிறாள். ஈமச் சடங்கு முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், அம்மாவின் அந்த இடைக்கச்சு எனக்கு வேண்டும், அந்தத் துணியும் வேண்டும் என்கிறாள். அதோடு நிற்காமல், அப்பா முதலில் போயிருந்தால் நல்லது என்றும் சொல்கிறாள். பக்கத்து இருக்கைக்காரர் ச்சே என்பார். நாமும் ச்சே என்போம். அதோடு நமக்கும் ஷிகேவுக்கும் சம்பந்தம் தீர்ந்துவிடும்.

தனியாகப் பார்க்கும்போது ச்சே என்று யாரிடம் சொல்வது? சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது தெரிந்தது, அம்மா போனதும் முதலில் உடைந்து அழுதவள் அவள்தான். அந்த அழுகையில் பொய்யில்லை. அழுது முடித்த அதே கண்ணோடு கச்சைக் கேட்கிறாள். இரண்டும் ஒரே பெண். ஹருகோ சுகிமுரா என்ற மாபெரும் நடிகை அந்த இரண்டுக்கும் நடுவில் தையலே தெரியாமல் நடித்திருக்கிறார். துக்க வீட்டில் நகையைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேச்செடுத்த அத்தைகளை, மாமாக்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களும் அழுதவர்கள்தான். அழுகை ஒருபக்கம், நாளைக்கு ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரம் ஒருபக்கம். ஓஸு அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. கேமராவைப் பாயில் உட்கார்ந்திருக்கிறவர் உயரத்துக்கும் கீழே இறக்கிவைத்து, அசையாமல், எல்லோரையும் ஒரே மரியாதையோடு பார்க்கிறார். அவர் பார்வை எனக்கு வர எத்தனை காலம் ஆகுமோ தெரியாது.

இங்கே ஒரு செய்தி. ஷிகேயின் கணவனாக, மாமியாருக்கு நல்ல கேக் வாங்கி வருகிற அந்தச் சாதுவாக நடித்தவர் நோபுவோ நகமுரா. 'இகிரு'வில் வதனபேயின் பெருமையைத் திருடுகிற துணை மேயரும் அவரேதான். அடுத்தடுத்த இரவுகளில் பார்த்ததால் இது என் கண்ணில் பட்டது. ஒரே முகம் ஒரு வீட்டில் இப்படியும் இன்னொரு வீட்டில் அப்படியும் இருக்கிறது. அதேபோல், ஷுகிச்சியாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது வயது 49. வதனபேயாக நடித்த ஷிமுராவுக்கு 47. முதுமையைப் பற்றிய இரண்டு படத்தையும் முதுமை வராதவர்கள் தாங்கியிருக்கிறார்கள்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் அன்றே கிளம்பிவிடுகிறார்கள். நோரிகோ மட்டும் சில நாள் தங்குகிறாள். வீட்டிலேயே இருக்கிற கடைசி மகள் கியோகோ, பள்ளி ஆசிரியை, அண்ணன் அக்காமேல் கொதிக்கிறாள். கூட்டத்தில் நாம் சொல்ல நினைத்த ச்சே அதுதான். நோரிகோ அதை ஏற்கவில்லை. வயதாக வயதாகப் பிள்ளைகளுக்கு அவரவர் வாழ்க்கை வந்துவிடும், நானும் அப்படி ஆகிவிடுவேன் என்கிறாள். வாழ்க்கை ஏமாற்றமாக இல்லையா என்று அந்தப் பெண் கேட்க, ஆமாம் என்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். செட்சுகோ ஹராவின் அந்தச் சிரிப்பை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எழுதிவிட்டார்கள், நான் எழுதப் போவதில்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது பின்னால் வருகிற இடம். பெற்ற பிள்ளைகளைவிட நீதான் எங்களுக்கு அதிகம் செய்தாய் என்று மாமனார் சொல்லி, டோமியின் கடிகாரத்தை அவளுக்குத் தருகிறார். மறுமணம் செய்துகொள் என்கிறார். நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை, என் கணவரை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை, நினைக்காத நாட்களும் உண்டு என்று அவள் அழுகிறாள். பாருங்கள், அந்தப் படத்தில் நாம் முழு மனதோடு நல்லவள் என்று சொன்ன ஒரே ஆள் அவள். அந்தப் பட்டத்தையும் அவளே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். கெட்டவள் என்று ஷிகேயை ஒதுக்கியவர்களுக்கு நல்லவள் என்று நோரிகோவைக் கொண்டாடுகிற வசதியும் இல்லாமல் போகிறது. தீர்ப்பு எழுத எடுத்த பேனா கையில் சும்மா இருக்கிறது.

இரண்டு படத்திலும் வயதானவர்கள் பேச வேண்டியதைக் காதுகொடுத்துக் கேட்பது ரத்த உறவு இல்லாத ஓர் இளம்பெண். ஆனால் டோயோ, நோரிகோ மாதிரி இல்லை. அவளுக்கு வதனபேயைப் பார்த்தால் ஒரு கட்டத்தில் பயமாக இருக்கிறது, எழுந்து போகப் பார்க்கிறாள். எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது. சாகப்போகிற ஒருவரின் தவிப்பைச் சுமப்பது ஒரு சின்னப் பெண்ணின் கடமை இல்லை. குரோசவா அவளைத் தெய்வமாக்காமல் விட்டது அவர் கண்ணின் நேர்மை. அதே நேர்மையை அவர் மிட்சுவோவின் மனைவிக்குக் காட்டவில்லை என்பது என் குறை. அவள் பணத்தைப் பற்றிப் பேசுகிற ஒரு வாயாக மட்டும் நின்றுவிடுகிறாள். ஓஸு கையில் கிடைத்திருந்தால் அவளுக்கும் ஒரு பகல் கிடைத்திருக்கும்.

படம் முடிந்த பிறகு தனியாக இருக்கிறவனுக்கு ஒரு சிரமம் உண்டு. மனதில் இருப்பதைக் கொட்ட ஆள் இல்லை. முதல் இரவு அது எனக்கு வேதனையாகத்தான் இருந்தது. யாரையாவது போனில் கூப்பிட்டு அந்தப் படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கை துடித்தது. கூப்பிடவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மறுநாள் ஓஸுவைப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது. நானும் அந்தத் துக்க வீட்டுக் குமாஸ்தாக்களில் ஒருவனாகியிருப்பேன். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் உண்மை தவறிப்போகவில்லை. இறந்தவர் சூடு ஆறுவதற்குள் அவரை ஒரு கருத்தாக்கிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். நாளைக்கு முதல் நாமும் அவரைப்போல் உழைப்போம் என்று குடிபோதையில் சத்தியம் செய்கிறார்கள். அந்தச் சத்தியம் அந்த அறையிலேயே செலவாகிவிடுகிறது.

நம் சங்கத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கலந்துரையாடுவோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் அதில் கற்றது அதிகம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அடுத்த மாதம் 'டோக்கியோ ஸ்டோரி' திரையிடுவதாகச் செயலாளர் சொன்னார். அன்று ஒருநாள் மட்டும் பேச்சை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 136 நிமிடம் ஓடும், ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, ஷிகேயைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், நேரே வீட்டுக்குப் போகட்டும். அந்த ஒரு மாதம் கழித்து வந்து அவளைப் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க நான் ஆவலாக இருக்கிறேன்.